இரவல் நாக்கு

அத்தியாயம் 14

"இன்னா கிரேஸு, தக்காளித் தொக்கா கிண்டறே?"

கூடத்திலிருந்து மாமியார் ரஞ்சிதத்தின் குரல் வந்தது. ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை, காலை பத்து மணி. நேற்றைய பெரிய வெள்ளியின் அமைதி ஜோகுபாளையத்துச் சந்தில் இன்னும் மிச்சமிருந்தது. கிரேஸ் அடுக்களையில் அகல வாணலியின் முன்னால் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றிருந்தாள்.

"தொக்கு இல்ல அத்தை, சாஸ்."

"இன்னா சாஸு?"

"பார்பிக்யூ சாஸ். நாளைக்கு சிக்கன் சுடறப்ப மேல தடவறதுக்கு."

ரஞ்சிதத்தின் குரல் ஏறியது.

"அது தீபிகா வந்து பண்றேன்னு சொல்லிச்சே? உனுக்கு எதுக்கு அந்த வேலை? தெரிஞ்சவங்க செய்யட்டும், விடு."

கிரேஸ் கரண்டியை வாணலியின் அடிவரை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். கொதித்த தக்காளி விழுது ஒரு துளி தெறித்து மணிக்கட்டில் விழுந்தது. அதைத் துடைக்கவும் இல்லை.

தெரிஞ்சவங்க!

போன ஞாயிறு, குருத்தோலைப் பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோதுதான் சின்ன மருமகள் தீபிகா ஆரம்பித்தாள். "அத்தை, ஈஸ்டர் முடிஞ்சதும் எங்ககூட எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வந்துடுங்களேன். ஆறு மாசம் இருங்க." ரஞ்சிதம் யோசிக்கக்கூட இல்லை. வாயிலிருந்த சோற்றை விழுங்கிவிட்டு "வரேன்" என்றாள். பதினாறு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்த பெரிய மருமகளை ஒரு தடவை திரும்பிப் பார்க்கவும் இல்லை.

மாமியார் கிளம்பினால் போதும் என்றிருக்கிற மருமகள்கள் உண்டு. கிரேஸும் தன்னை அப்படித்தான் நினைத்திருந்தாள், அந்த ஞாயிறு வரைக்கும். அந்த 'வரேன்' காதில் விழுந்த பிறகுதான் நெஞ்சுக்குள் ஏதோ சுருக்கென்றது. போகட்டும். ஆனால் ஓடிப்போகிற மாதிரி ஏன் போக வேண்டும்?

இத்தனைக்கும் காரணம் கிறிஸ்துமஸ் அன்று தீபிகா கொண்டுவந்த அந்த சாஸ். இனிப்பும் புளிப்புமாக, புகை வாசனையோடு. ரஞ்சிதம் விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டாள். எதிர்வீட்டு மௌரீனைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். "எங்க சின்னது பண்ணது. கைமணம்னா இதான்!" என்றாள். கிரேஸின் சமையலுக்குப் பதினாறு வருஷத்தில் அந்த வாயிலிருந்து வந்த உச்சபட்சப் பாராட்டு, "பரவால்ல."

அதனால்தான் இன்று, தீபிகா நாளை வருவதற்குள், சாஸை முடித்துவிட வேண்டும் என்று கிரேஸ் கங்கணம் கட்டிக்கொண்டு நின்றாள். போனில் ஆறு வீடியோ பார்த்து மகள் லீனாவின் பழைய நோட்டில் எழுதி வைத்திருந்தாள். அதிலே பழுப்புச் சர்க்கரை என்று இருந்த இடத்தில் வெல்லம். பேர் வாயில் நுழையாத ஏதோ கறுப்புத் தண்ணீர் பாட்டில் இருந்த இடத்தில் புளி. மிளகாய்க்கு, நிறம் கொடுக்கிற ப்யாடகி. வெங்காயமும் பூண்டும் சிவக்க வதங்கி, தக்காளி சுண்டி, வினிகரும் கடுகுத்தூளும் மிளகும் எல்லாம் போட்டாகிவிட்டது.

ஒன்றுதான் பாக்கி. ருசி பார்க்க வேண்டும்.

அதுதான் அவளால் முடியாது. தபசு நோன்பு தொடங்கிய சாம்பல் புதன் அன்றே நேர்ந்துகொண்டுவிட்டாள்: ஈஸ்டர் பாஸ்கா வரைக்கும் இனிப்பு நாக்கில் படாது. காபிகூட சர்க்கரை இல்லாமல்தான். நாற்பது நாளும் தாண்டியாகிவிட்டது. கடைசி நாளில், ஒரு சாஸுக்காகவா உடைப்பது?

பின்வாசல் வழியாகக் கணவன் குணசேகர் வந்தான். தோளில் ஒரு கோணிச் சாக்கு.

"இஸ்திரிக்காரர்கிட்ட கரி வாங்கிட்டேன். மாடில டிரம் பக்கத்துல வெச்சிடறேன்."

மாடியில் பாதியாக அறுத்த எண்ணெய் டிரம் ஒன்று உண்டு. நாளைக்கு அதில்தான் சிக்கன் சுடுவது.

"என்னங்க, ஒரு நிமிஷம். இத கொஞ்சம் வாய்ல வெச்சுப் பாருங்க."

"சூப்பர்."

"இன்னும் வாய்லயே வைக்கல!"

"வெச்சாலும் அதான் சொல்லப்போறேன். கோவிட்டுக்கப்புறம் எனக்கு ரசமும் ஒண்ணுதான், பாயசமும் ஒண்ணுதான். தெரியாத மாதிரி கேக்கற." சாக்கை மாற்றிப் போட்டுக்கொண்டான். "லீனாவைக் கூப்பிடேன்."

"கோயில்ல பாட்டு பிராக்டிஸ். சாயங்காலம்தான் வருவா."

"அப்ப அம்மா?"

"உங்கம்மாவுக்கு முன்னாடி அரைகுறையா நீட்டவா? நல்லா இருந்தா குடுப்பேன். இல்லன்னா வாஷ்பேசின்ல ஊத்துவேன்."

குணசேகர் அவள் முகத்தைப் பார்த்தான். இருபது டிரைவர்களை வைத்து மேய்க்கிற டிராவல்ஸ் சூப்பர்வைசர். எந்த இடத்தில் வாயை மூட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். கரியோடு மாடிக்கு ஏறிவிட்டான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம்.

"அத்தை! நான் வந்துட்டேன்!"

கிரேஸின் கை கரண்டியிலேயே நின்றது. தீபிகா. ஒரு நாள் முன்னதாகவே.

"வாடி என் கண்ணு! நாளைக்குன்னு சொன்னியே? யுவன் எங்கே?"

"அவர் சாயங்காலம் பைக்ல வருவார் அத்தை. எனக்கு லீவு கிடைச்சுது, கேப் போட்டு வந்துட்டேன். பெட்டி எல்லாம் ரெடியா?"

"தோ பாரு, எல்லாம் மடிச்சி வெச்சிட்டேன். வெள்ளை சேலை மட்டும் நாளைக்குப் பூசைக்குக் கட்டிக்கணும்."

"நீங்க வந்தா போதும் அத்தை. சேலை அங்க வாங்கிக்கலாம்."

அடுக்களையில் கேட்டுக்கொண்டிருந்த கிரேஸுக்கு ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகச் சுட்டது. மாமியாருக்குக் கண் ஆபரேஷன் ஆன பிறகு, தினமும் நாலு வேளை சொட்டு மருந்து விட்டது யார்? கறுப்புக் கண்ணாடியோடு குளியலறைக்குக் கைபிடித்துக் கூட்டிப்போனது யார்? கண் நன்றாகத் தெரிய ஆரம்பித்த அன்று மாமியார் முதலில் சொன்னது, "இன்னாடி கிரேஸு, அலமாரி மேல இவ்ளோ எண்ணெய்ப் பிசுக்கு!" என்பதுதான்.

தீபிகா அடுக்களைக்குள் வந்தாள். ஹோசூர் பக்கம் அத்திபெலே ஊர்ப் பெண். யுவனைக் காதலித்துக் கல்யாணம் செய்து நான்கு வருஷம். பூசைக்கு வருவாள், பின்பெஞ்சில் உட்காருவாள். ஒருசந்தி நோன்பு, தபசு எதுவும் அவளுக்குக் கிடையாது.

"அக்கா…" வாணலியைப் பார்த்து நின்றுவிட்டாள். "இது… சாஸா?"

"ஆமா. ஏன், நான் செய்யக்கூடாதா?"

"ஐயோ, அப்படி இல்லக்கா. நல்ல வாசனை. எப்படி இருக்குன்னு பார்த்தீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"இனிப்பு சாப்பிடறத விட்டிருக்கேன். தபசு முடியற வரைக்கும்."

"அப்ப ருசி பார்க்காமலேவா இவ்ளோ பண்ணீங்க!" தீபிகா ஒரு ஸ்பூனை எடுத்தாள். "எனக்குத் தபசு இல்லையே. நான் பார்க்கவா?"

கிரேஸ் அவளையும் ஸ்பூனையும் பார்த்தாள். வேறு வழியில்லை. யாரை ஜெயிக்க இந்த வாணலியை ஏற்றினாளோ அவளுடைய நாக்கைத்தான் இரவல் கேட்க வேண்டியிருந்தது.

"பாரு."

தீபிகா ஸ்பூன் நுனியில் எடுத்து ஊதி வாயில் வைத்தாள். கண்ணை மூடினாள். திறந்தாள்.

"நல்லாருக்குக்கா. ஆனா…"

"ஆனா?"

"இனிப்பு பத்தல. இன்னும் ஒரு அச்சு வெல்லம் போட்டா சரியா இருக்கும்."

"ஏற்கெனவே மூணு அச்சு போட்டிருக்கேன்."

"பத்தலக்கா. நிஜமா."

"சரி. நீ போய் அத்தைகூட உக்காரு. நான் பாத்துக்கறேன்."

தீபிகா போனாள். கிரேஸ் வெல்ல டப்பாவைத் திறந்தாள். ஒரு அச்சைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள்.

கூடத்தில் மாமியாரும் சின்ன மருமகளும் எதற்கோ சிரித்தார்கள்.

மூணு அச்சு போட்டதற்கு மேல் இன்னும் ஒன்றா? நாளைக்கு எல்லோர் முன்னிலையிலும் சிக்கன் பாயசமாகிப் போகும். "என்ன அண்ணி, மிட்டாயா?" என்று யுவன் சிரிப்பான். "அதுக்குத்தான் தெரிஞ்சவங்க செய்யட்டும்னேன்" என்பாள் மாமியார். ஒரு நாள் முன்னாடி ஓடி வந்ததே இதற்குத்தானா? இவள் இனிப்பு குறைவு என்று சொன்னால், கூடியிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

கிரேஸ் வெல்லத்தை டப்பாவில் போட்டு மூடினாள். புளிக்கரைசல் கிண்ணத்தை எடுத்து இரண்டு கரண்டி ஊற்றினாள். தயங்கினாள். இன்னும் அரைக் கரண்டி ஊற்றினாள்.

பத்து நிமிஷம் சுண்டியதும் நல்ல மினுமினுப்பு வந்தது. கரண்டியின் முதுகில் விரலால் கோடு போட்டால் கோடு அப்படியே நின்றது. அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

"முடிஞ்சிச்சா?" ரஞ்சிதம் அடுக்களை வாசலில் நின்றாள். பின்னால் தீபிகா.

"ஆறட்டும் அத்தை. அப்புறம்…"

"ஆறினா இன்னா, ஆறாட்டி இன்னா." கிரேஸ் தடுப்பதற்குள் ரஞ்சிதம் கரண்டியில் இருந்ததை விரலால் வழித்து வாயில் வைத்துவிட்டாள்.

அவள் முகம் ஒரு பக்கமாகக் கோணியது.

"அய்ய! பல்லு கூசுதுடி! இன்னா இது, புளிக்குழம்பா?"

தீபிகா கிரேஸைப் பார்த்தாள். கிரேஸ் அடுப்பைப் பார்த்தாள்.

"பரவால்ல, பரவால்ல," என்று ரஞ்சிதம் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "பழக்கம் இல்லாத வேலை. தீபிகா, நீ சரி பண்ணிடு கண்ணு. கிரேஸு, நீ தள்ளிக்கோ. அது செய்யட்டும்."

மாமியார் கூடத்துக்குப் போய்விட்டாள். கிரேஸ் கரண்டியைத் தீபிகாவின் கையில் திணித்தாள்.

"இந்தா. பண்ணு."

தீபிகா கரண்டியை வாங்கிக்கொண்டு நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

"பண்ணு, தீபிகா. எல்லாரும் உன் கைமணத்துக்குத்தானே காத்திருக்காங்க?"

தீபிகா எட்டிப்போய் அடுக்களைக் கதவைச் சாத்தினாள்.

"அக்கா, எனக்கு இத செய்யத் தெரியாது."

"என்னது?"

"கிறிஸ்துமஸுக்குக் கொண்டுவந்தது கடை பாட்டில். ஆன்லைன்ல வாங்கி, எவர்சில்வர் தூக்குல ஊத்திக் கொண்டுவந்தேன். அத்தை 'நீயா பண்ணே?'ன்னு கேட்டாங்க. அவ்ளோ சந்தோஷமா கேட்டாங்களா, ஆமான்னு சொல்லிட்டேன். இந்தத் தடவையும் ஆர்டர் போட்டேன். ஸ்டாக் இல்லன்னு நேத்து கேன்சல் பண்ணிட்டான். அதான் காலைலேயே ஓடி வந்தேன், உங்ககிட்ட கத்துக்கலாம்னு. வந்து பார்த்தா நீங்களே பண்ணிட்டு இருக்கீங்க."

கிரேஸுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே கோபம். நாலு மாசம்! ஒரு கடை பாட்டிலைப் பார்த்தா நாலு மாசம் வெந்து போனோம்!

"அப்ப வெல்லம் போடச் சொன்னது?"

"நிஜமாத்தான் சொன்னேன். நீங்க என்ன போட்டீங்க?"

"புளி."

"புளியா? எவ்ளோ?"

"ரெண்டரைக் கரண்டி."

"எதுக்குக்கா!" தீபிகாவின் குரல் தாழ்ந்தது. "நான் பொய் சொல்றேன்னு நெனச்சீங்களா?"

"ஆமா."

தீபிகா ஸ்பூனை அவள் பக்கம் நீட்டினாள். வாணலியில் ஒரு குமிழ் பெரிதாகி உடைந்தது.

"ஒரே ஒரு சொட்டு நீங்களே நாக்குல வெச்சுப் பாருங்களேன். உங்களுக்குத்தான் கை தெரியும். சாமி ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார்."

"அது சாமிக்கும் எனக்கும் மட்டும் உள்ளது இல்ல. அத்தை கண்ணுக்கு நேந்துக்கிட்டது."

சொல்லிய பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. கிரேஸ் சட்டென்று திரும்பி வெல்ல டப்பாவைத் திறந்தாள்.

"அத்தைக்குத் தெரியுமா?"

"தெரிய வேணாம். வாய மூடிக்கிட்டு ஸ்பூன எடு. நான் போடறேன், நீ சொல்லு."

அப்படித்தான் ஆரம்பித்தது. கை இவளுடையது, நாக்கு அவளுடையது. இன்னும் நாலு தக்காளியை அரைத்து ஊற்றினாள் கிரேஸ். ஒரு அச்சு வெல்லத்தைத் தட்டிப் போட்டாள். கரைந்ததும், "ம், இப்ப?"

"முதல்ல புளிப்பு வருது. இனிப்பு பின்னாடியே ஓடி வருது, ஆனா பிடிக்க மாட்டேங்குது."

"தமிழ்ல சொல்லு."

"இன்னும் அரை அச்சு."

போட்டாள். கிளறினாள்.

"இப்ப?"

"இப்ப ரெண்டும் சேர்ந்து வருது. ஆனா சப்புன்னு முடிஞ்சிடுது."

"உப்பு." ஒரு சிட்டிகை. "இப்ப?"

"ஆங்… தொண்டைல ஒண்ணும் இல்ல."

"மிளகு." கிரேஸ் உரலில் நாலு இடி இடித்துத் தூவினாள்.

தீபிகா வாயில் வைத்தாள். அவள் புருவம் மேலே போனது. ஒன்றும் சொல்லாமல் இன்னொரு ஸ்பூன் எடுத்தாள். அது ருசி பார்ப்பதற்கான ஸ்பூன் அல்ல.

அதைப் பார்த்தபோதும் கிரேஸுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. தன் கையால் செய்தது. அதன் முதல் ருசியும் இவளுக்குத்தான் போகிறது!

"பாட்டில்ல இருந்தத விட நல்லாருக்குக்கா. சத்தியமா. புகை வாசனை மட்டும் இல்ல."

கிரேஸ் ஒரு தேங்காய்ச் சிரட்டைத் துண்டை அடுப்பில் காட்டிக் கனிய விட்டாள். சின்னக் கிண்ணத்தில் அந்த நெருப்புத் துண்டை வைத்துச் சாஸின் நடுவே மிதக்க விட்டாள். மேலே ஒரு சொட்டு நெய். குபுக்கென்று புகை எழுந்ததும் தட்டைப் போட்டு மூடினாள். ஐந்து நிமிஷம் இருவரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கதவைத் திறந்ததும் ரஞ்சிதம் தானாகவே வந்துவிட்டாள். மூக்கு அவளை இழுத்து வந்திருந்தது. இந்த முறை விரலில் எடுத்தவள் வாயிலிருந்து விரலை எடுக்க நேரமானது.

"இதான்! கிறிஸ்துமஸ் அன்னிக்கு சாப்ட்ட அதே ருசி. சொன்னேன் இல்ல? தீபிகா கை பட்டாத்தான் ஆவும்!"

தீபிகா தலையைக் குனிந்துகொண்டாள். 

கிரேஸ் ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணினாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

"சொல்லு தீபிகா. அத்தை கேக்கறாங்க இல்ல? யார் கைன்னு சொல்லு. கிறிஸ்துமஸ் கைமணத்தையும் சேர்த்தே சொல்லு."

"இன்னாடி?" ரஞ்சிதம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது அக்கா பண்ணது அத்தை," என்றாள் தீபிகா. "கிறிஸ்துமஸுக்கு நான் கொண்டுவந்தது கடைல வாங்கினது. பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க."

இதற்காகத்தான் கிரேஸ் காத்திருந்தாள். மாமியாரின் முகம் மாறும். சின்ன மருமகளின் சாயம் இந்த அடுக்களையிலேயே, இந்த நிமிஷமே வெளுக்கும்.

மாமியாரின் முகம் மாறியது. இளகியது.

"அய்யோ புள்ள! எனுக்குப் புடிக்கும்னு எங்கெங்கயோ தேடி வாங்கினியா? வேலைக்கும் போயிகினு, இதையும் தேடி, தூக்குல வேற ஊத்திகினு வந்திருக்குது பாரு!" தீபிகாவின் கன்னத்தைத் தடவினாள். "இதுக்குப் போயி அழுவாங்களா?"

"அது பொய் சொல்லிச்சு அத்தை," என்றாள் கிரேஸ்.

"பொய்யாவது ஒண்ணாவது. சின்னப் பொண்ணு, வெக்கப்பட்டுச் சொல்லிடுச்சி. நீ இன்னா கிரேஸு, பெரிய சனிக்கிழமை அதுவுமா ஒருத்தர நிக்க வெச்சிக் குத்திக் காட்டிகினு? பெரியவ மாதிரியா நடந்துக்கறே?"

கிரேஸ் கரண்டியைத் தொட்டிக்குள் போட்டாள். விழுந்த சத்தத்துக்கு மாடியிலிருந்து குணசேகர், "என்ன ஆச்சு?" என்று குரல் கொடுத்தான். 

உண்மை தெரிந்தாலும் அவள்தான் செல்லம். பொய் சொன்னாலும் அவள்தான் செல்லம். இனி என்ன செய்து என்ன?

"அத்தை, அக்காவத் திட்டாதீங்க." தீபிகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவங்க இந்த சாஸ நாக்குல கூட வைக்கல. நான்தான் ருசி சொன்னேன். நாப்பது நாளா அவங்க இனிப்பே தொடலையாம்."

"தீபிகா!" என்று அதட்டினாள் கிரேஸ்.

"உங்க கண்ணுக்காக நேந்துக்கிட்டாங்களாம். உங்களுக்குத் தெரிய வேணாம்னு சொன்னாங்க. நான் சொல்லிட்டேன். ஏற்கெனவே ஒரு பொய் வெச்சிருந்து பட்டது போதும்."

ரஞ்சிதம் கிரேஸின் பக்கம் திரும்பினாள். ஆபரேஷன் ஆன கண்ணால், வாழ்க்கையிலேயே முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"லீனா பொறந்த நாளுக்குக் கேக்கு ஊட்ட வந்தப்ப பல்லு வலின்னியே?"

"ம்."

"மௌரீன் வீட்ல லட்டு குடுத்தப்ப பைல போட்டுகினியே?"

"ம்."

"என் கண்ணுக்கு நேந்துக்கிறதுன்னா எனுக்குச் சொல்ல மாட்டியா? இன்னாடி பழக்கம் இது?" கடுமையாகத்தான் சொன்னாள்.  விறுவிறுவென்று கூடத்துக்குப் போய்விட்டாள்.

பெட்டியின் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் பீரோ திறக்கும் சத்தம். ஒவ்வொரு சேலையாகப் பீரோவுக்குள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

"குணா! கீழ எறங்கி வாடா. இந்தப் பெட்டியப் பழையபடி பரண் மேல போடு. நான் எங்கியும் போவல."

கிரேஸ் அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போன மாதிரி இருந்தது. 'நல்லாருக்கு' என்று சொல்லவில்லைதான். சொல்லாவிட்டால் போகட்டும். இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள் இல்லையா?

ஜெயித்த முகத்தோடு தீபிகாவைத் திரும்பிப் பார்த்தாள்.

தீபிகாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, கொஞ்சம் பின்பக்கம் வாங்க."

துணி துவைக்கும் கல்லருகே இருவரும் நின்றார்கள். மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"அத்தைய என்கூட அனுப்பிடுங்கக்கா."

"இதென்ன பேச்சு? அவங்களே போகலன்னுட்டாங்க. நானா பிடிச்சு வெச்சேன்?"

"நீங்க சொன்னா கேப்பாங்க. இப்ப கேப்பாங்க. ஆறு மாசம் வேணாம், ஒரு மாசம் போதும். ப்ளீஸ்கா."

"உனக்கு எதுக்கு அத்தை? காலைல ஆபீஸ் போனா ராத்திரிதான் வர்ற. அங்க அவங்க தனியா சுவரப் பாத்துட்டு உக்காரணும்."

"ஆபீஸ்ல இருக்கற வரைக்கும் ஒண்ணுமில்லக்கா," என்றாள் தீபிகா. "வீட்டுக்கு வந்தாதான்…"

"வீட்டுக்கு வந்தா என்ன?"

தீபிகா கிரேஸின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"யாராவது பெரியவங்க வீட்ல இருந்தா அவர் சத்தமே போட மாட்டார். அதுக்குத்தான் கேட்டேன். தயவுசெஞ்சு இப்ப வேற எதுவும் கேக்காதீங்க."

"தீபிகா… யுவனா? நம்ம யுவனா?"

சாயங்காலம் வருவதாக இருந்த பைக் அதற்குள் வாசலில் வந்து நின்றது. கேட் திறந்தது.

"அண்ணி! என்ன வாசனை இது, தெரு முனைக்கே தூக்குது!" யுவன் பக்கவாட்டுச் சந்து வழியாக நேரே பின்பக்கம் வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே சிரித்தான். சின்ன வயசிலிருந்தே அந்தச் சிரிப்புக்கு இந்த வீட்டில் யாரும் 'இல்லை' என்று சொன்னதில்லை. "ரெண்டு பேரும் இங்க என்ன ரகசியம் பேசறீங்க?"

தீபிகா திரும்பினாள். அவள் முகத்திலும் உடனே ஒரு சிரிப்பு வந்தது. அது எவ்வளவு வேகமாக வந்தது என்பதை கிரேஸ் இன்றைக்குத்தான் கவனித்தாள்.

"ஒண்ணுமில்லங்க. சாஸ் பத்திப் பேசிட்டு இருந்தோம்."

"அம்மா ரெடியா? நாளைக்குச் சாயங்காலம் கிளம்பிடலாம் இல்ல?"

உள்ளேயிருந்து குணசேகர் கத்தினான். "அம்மா வரலியாம்டா! பெட்டியப் பரண்ல போடச் சொல்லிட்டாங்க!"

"அப்படியா?" யுவன் மனைவியைப் பார்த்தான். பிறகு அண்ணியைப் பார்த்தான். "அதுவும் நல்லதுதான். அம்மாவுக்கு இங்கதான் சௌகரியம்."

கிரேஸின் மணிக்கட்டில் தீபிகாவின் நகங்கள் பதிந்தன.

உள்ளே பரண் கதவு திறக்கும் ஓசை கேட்டது. இன்னும் ஒரு நிமிஷம். பெட்டி மேலே போய்விடும். மாமியார் இந்த வீட்டில்தான், அவளிடம்தான் இருப்பாள். இதைத்தானே கிரேஸ் விரும்பினாள்?

"என்னங்க, பெட்டிய மேல போடாதீங்க!" என்று கிரேஸ் அடுக்களைப் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னாள். "அத்தை நாளைக்குக் கிளம்பறாங்க. அதோட இன்னொரு பெட்டியும் இறக்குங்க."

"இன்னொண்ணு யாருக்குடி?" என்று உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"எனக்கு. லீனாவுக்கு ஸ்கூல் லீவுதானே. நானும் பத்து நாள் போய் தீபிகா வீட்ல இருந்துட்டு வரேன்."

யுவன் சிரித்தான். இந்தத் தடவை அந்தச் சிரிப்பு வர ஒரு கணம் தாமதமானது.